ஐஸ் பெட்டிக்குப் பலூன் கட்டியது யார்?

செத்துப்போனவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாழ்நாளில் யாரையும் தன் எதிரில் சிரிக்க விடாதவர் என்று அவருடைய மகனே சொன்னான். அப்பேர்ப்பட்டவருடைய பெயர், பெங்களூரு காக்ஸ் டவுனில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் 'சாந்தி யாத்ரா' அலுவலகத்தின் பெரிய டிவியில், இளஞ்சிவப்பு எழுத்தில் குதித்துக் குதித்து ஆடியது. பெயருக்கு முன்னால் ஒரு கேக். பின்னால் கலர் கலராகப் பலூன்கள் மேலே போய்க்கொண்டே இருந்தன. ஐஸ் பெட்டி எப்போது வீட்டுக்கு வரும், வண்டி எப்போது கிளம்பும் என்ற விவரமெல்லாம் கீழே மிகச் சரியாகத்தான் இருந்தது. அதைப் படிக்கும் நிலையில் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

"எங்கப்பா செத்ததுக்கு பார்ட்டி வைக்கிறீங்களா?" என்று மகன் மேஜையில் ஓங்கி அறைந்தான். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்பது கடைசிவரை தெரியவில்லை.

இது நேற்று நடந்த கூத்து. இன்று காலை அதே டிவிக்கு எதிரில் துப்பறியும் பாகீரதி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய உதவியாளன் உத்தமன், கையில் ஹெல்மெட்டோடு.

இந்த இருவரையும் பற்றி இரண்டு வார்த்தை. ஒக்கலிபுரத்தில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் நடுங்கும் ஒரு மாடி அறையில் பாகீரதியின் ஏஜென்சி நடக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு, பார்வை அதிகம். உத்தமனுக்குப் பேச்சு மட்டும்தான் அதிகம், மற்றதெல்லாம் அளவோடு. ஆனால் பெங்களூரு டிராபிக்கில் ஸ்கூட்டரை ஊசியில் நூல் மாதிரி நுழைப்பான் என்பதால் வேலையில் நீடிக்கிறான்.

"எல்லாத் தொழில்லயும் கஸ்டமர் திரும்பி வந்து சண்டை போடுவாங்க. இந்தத் தொழில்ல அந்தத் தொல்லையே இல்லைன்னு நெனச்சேன் மேடம்" என்றான் உத்தமன்.

"வாயை மூடு" என்றார் பாகீரதி, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர்களை வரவழைத்தவள் ஆஞ்சலா. சாந்தி யாத்ராவுக்கென்றே எழுதி வாங்கிய சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. ஐஸ் பெட்டி, சவப்பெட்டி, பூ, அமரர் ஊர்தி எல்லாவற்றையும் அதில்தான் பதிவு செய்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். வந்த வினையும் அதுதான்.

"முதல் வாரம் கடல்கன்னி வந்துச்சு மேடம்" என்றாள் ஆஞ்சலா. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். "பக்கம் முழுக்க நீலத் தண்ணி. எழுத்தெல்லாம் அலை மாதிரி ஆடுச்சு. அடுத்த வாரம் கிரிக்கெட். ஒரு தாத்தா பேருக்குப் பக்கத்துல ஸ்டம்ப் எகிறி விழுது."

"அது கொஞ்சம் பொருத்தம்தான்" என்று ஆரம்பித்த உத்தமன், இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்ததும் ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

"நேத்து இந்தக் கேக்கு. முதலாளி சார் எல்லார் முன்னாடியும் என்னை விரலை நீட்டிக் கேட்டுட்டார். கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டேன், குடுக்கலை. அதுக்கு பழி வாங்குறேனாம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கலைன்னா வேலையும் போச்சு, ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட்டும் குடுப்பாராம்." அவள் டிவிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள். "பொணத்தைக் கேலி பண்ணினவள்னு பேர் வந்துட்டா அப்புறம் யார் மேடம் வேலை குடுப்பாங்க? எங்க சர்ச்சுல பாதிப் பேரை இந்த ஆபீஸ்தான் அடக்கம் பண்ணிருக்கு. ஞாயித்துக்கிழமை நான் எப்படி உள்ள போய் உக்காருவேன்?"

உத்தமனுக்கே சிரிப்பு நின்றுவிட்டது. பாகீரதி ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார்.

"பேர், நேரம், விலாசம் எதுலயாவது தப்பு வந்துச்சா?"

"ஒரு எழுத்து மாறலை மேடம். தோற்றம் மட்டும்தான். நிறம், எழுத்தோட வடிவம், படம், ஆட்டம் இதெல்லாம் ஸ்டைல்ஷீட்னு ஒரு தனி ஃபைல்ல இருக்கும். எங்க பக்கம் திறக்கும்போதெல்லாம், வெளிய ஒரு இடத்துலேர்ந்து அந்த ஃபைலைக் கூப்பிட்டு எடுத்துக்கும். அந்த வெளி இடம் யாரோடதுன்னுதான் தெரியலை. வெறும் நம்பரா ஒரு அட்ரஸ் இருக்கு. அதோட பாஸ்வேர்ட் என்கிட்ட கிடையாது."

"புரிஞ்சுபோச்சு" என்றான் உத்தமன். "ஆள் நம்ம ஆபீஸ் ஆள். கட்டிக்கிற துணி மட்டும் யார் வீட்டுக் கொடியிலேர்ந்தோ வருது."

"சரியாச் சொன்னே" என்றார் பாகீரதி. உத்தமனுக்கு இது மாதத்தில் ஒரு தடவை கிடைக்கும் பாராட்டு. "கொடி யாரோடதுன்னு தெரிஞ்சா போதும். ஏம்மா, நீயே வேற துணி கட்டிவிடலாமே?"

"தொடவே விடமாட்டேங்கறார். சாட்சியை அழிக்கப் பார்க்கிறேன்னு கத்தறார்."

அதற்குள் வெளியே ஒரு சத்தம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், முதலாளி ஷங்கர் காய்கறி வண்டிக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். வாங்கியது ஒரு கட்டு கொத்துமல்லி. கேட்டது கொசுறாகக் கறிவேப்பிலை, அதுவும் போதாமல் இரண்டு பச்சை மிளகாய். வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தார். உள்ளே வந்த ஷங்கர், டீ கொண்டுவந்த ஆளிடம் கிளாஸை நீட்டி, "இன்னும் ஸ்வல்ப ஊத்துப்பா, மேல நுரைதானே இருக்கு" என்று ஒரு அரை கிளாஸ் கொசுறு வாங்கினார். பிறகு பாகீரதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆஞ்சலா கூப்பிட்டாளாமே. ரொம்ப சந்தோஷம். நீங்களே விசாரிச்சு அவதான்னு சொல்லிடுங்க, எனக்கும் வேலை மிச்சம். வந்ததே வந்தீங்க, கையோட இன்னொண்ணு. எதிர்த்தாப்புல புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கான் பாருங்க, அவன் ஐஸ் பெட்டி எங்கேர்ந்து எடுக்கிறான்னு லேசா துப்பு துலக்கிடுங்களேன்."

"சார், நீங்க எங்க கஸ்டமரே இல்ல" என்றான் உத்தமன். "ஆஞ்சலாதான்."

"அதனால என்னப்பா? கூடச் சேர்த்துப் பார்க்கிறதுக்கு என்ன கேடு?"

பாகீரதி அவரை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை உத்தமனுக்குத் தெரியும். ஏதோ ஒரு சந்தேகத்தைப் புளி மாதிரி ஊறப்போட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"இந்த சாஃப்ட்வேரை எழுதினது யாரு சார்?"

"கிரண்னு ஒரு பையன். தொம்மலூர்ல இருக்கான். எழுதிக் குடுத்ததோட சரி, என் நம்பரையே ப்ளாக் பண்ணிட்டான். நன்றி கெட்டவன்."

வெளியே வந்ததும் உத்தமன் ஸ்கூட்டரை உதைத்தான். "கேஸ் முடிஞ்சுது மேடம். அந்தக் கிரண்தான். மனசுல ஏதோ வஞ்சம். போன் எடுக்க மாட்டேங்கறான், பொணத்துக்கு பலூன் கட்டறான். போய் சட்டையைப் பிடிச்சா கக்கிடுவான்."

"வஞ்சம் வெச்சவன் கடல்கன்னியைப் போட மாட்டான். மண்டை ஓட்டைப் போடுவான்" என்றார் பாகீரதி. "வாரா வாரம் உக்காந்து, பார்த்துப் பார்த்து அலங்காரம் பண்ணிருக்கு. இது யாரோ ஆசையாப் பண்றது. வண்டியை எடு."

தொம்மலூரில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பழைய தெருக்களில், ஒரு இட்லிக் கடைக்கு மேல் கிரணின் அறை. கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். வாயில் டூத் பிரஷ், நுரை. நெற்றிவரை தூக்கம்.

"காக்ஸ் டவுன் ஷங்கர் சார் ஆபீஸ்லேர்ந்து வரோம்" என்றான் உத்தமன்.

பிரஷ் கீழே விழுந்தது. கிரண் உள்ளே ஓடினான். பாத்ரூம் கதவு சாத்தும் சத்தம், தாழ்ப்பாள் சத்தம், அப்புறம் பக்கெட்டைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டன.

"பார்த்தீங்களா!" உத்தமன் சட்டைக் கையை மடித்துவிட்டான். "குற்றவாளி தானே ஜெயிலுக்குள்ள போயிட்டான். வெளியிலேர்ந்து பூட்டு போட்டா வேலை முடிஞ்சது."

பாகீரதி அவனை ஒதுக்கிவிட்டு பாத்ரூம் கதவருகே போனார். தட்டவில்லை. தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிரண், சாஃப்ட்வேரோட சேர்த்து அவர் உன்கிட்ட கொசுறா என்னப்பா கேட்டார்?"

பக்கெட் நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. கிரண் வெளியே வந்தபோது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அது முகம் கழுவின தண்ணீர் இல்லை.

"இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாருமே என்னைக் கேட்டதில்ல மேடம்" என்றான்.

அவனை உட்கார வைத்து, கீழேயிருந்து காபி வரவழைத்துக் கொடுத்தார்கள். பையன் மடை திறந்தமாதிரி கொட்டினான். சாஃப்ட்வேர் எழுத வந்தவனிடம் ஷங்கர், பழைய பிரின்டரைச் சரிபண்ணச் சொன்னார். அக்கா மகனுக்கு காலேஜ் பிராஜெக்ட் எழுதச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, டிவியில் கன்னட சானல் எதுவும் வரவில்லை என்று மொட்டை மாடியில் டிஷ்ஷைத் திருப்பவைத்தார்.

"அப்புறமும் போன் மேல போன். பேஜாராயிட்டேன் குரு, அதான் ப்ளாக் பண்ணினேன்" என்றான் உத்தமனைப் பார்த்து, பெங்களூரு வழக்கில். "இப்போ நீங்க வந்து அந்தப் பேரைச் சொன்னதும், மிக்ஸி ரிப்பேருக்கோ எதுக்கோதான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

உத்தமன் மடித்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டான்.

"இதெல்லாம் அப்புறம் கேட்டது. எல்லாத்துக்கும் முதல்ல கேட்டது என்ன?" என்றார் பாகீரதி.

கிரண் நிமிர்ந்தான். "எப்படி மேடம் தெரிஞ்சுது? ஆமா, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டார். 'உன் கை வேலை எப்படின்னு பார்க்கணும், சாம்பிளுக்கு இன்னொருத்தருக்கு ஒரு பேஜ் போட்டுக் குடு'ன்னார். பர்த்டே பார்ட்டி பண்றவங்க அவங்க. போட்டுக் குடுத்தேன். நல்லா வந்துச்சு."

"கொசுறை முதல்ல வாங்கிட்டு அப்புறமா காய் வாங்கின மனுஷன்!" உத்தமன் வாயைப் பிளந்தான். "உலகத்துலயே இவர் ஒருத்தராத்தான் இருக்கும்."

"அப்புறம் ஆபீஸ் சாஃப்ட்வேர் எழுதறப்போ எனக்கு அலுத்துப்போச்சு. அந்த பேஜுக்குப் போட்ட ஸ்டைல்ஷீட் வெள்ளையும் நீலமுமா அடக்கமாத்தான் இருந்துச்சு. அது அவங்க இடத்துலயே கிடந்துச்சு. சரி, இதுக்கு எதுக்கு இன்னொண்ணுன்னு, ஒரே ஒரு வரி எழுதி அதையே இங்கேயும் கூப்பிட்டுக்கிட்டேன்."

"அது எப்படிப்பா பொருந்தும்? அது பர்த்டே, இது..." உத்தமன் மேலே கையைக் காட்டினான்.

"யோசிச்சுப் பாருங்க குரு. பேர், விலாசம், எத்தனை பேர் வருவாங்க, என்ன பூ, வண்டி எப்போ வரணும். ரெண்டும் ஒரே ஃபார்ம்தான்."

உத்தமன் யோசித்தான். யோசிக்க யோசிக்கக் கொஞ்சம் கலங்கிப்போனான்.

"அந்த இன்னொருத்தர் யாரு?" என்று பாகீரதி கேட்டார்.

அது யார் என்று கிரண் சொன்னான். உத்தமன் அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே இட்லிக் கடைக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். பாகீரதி சிரிக்கவில்லை. நம்பரை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் போய் யாரோடோ பேசினார். பேசி முடித்து வந்தபோது மட்டும் உதட்டோரத்தில் லேசாக ஏதோ தெரிந்தது.

அவர்கள் திரும்பியபோது சாந்தி யாத்ரா ஹாலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஷங்கர்தான் கூட்டியிருந்தார், மற்றவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும் என்று. வண்டி ஓட்டும் கிருஷ்ணப்பா, பூக்கட்டும் பெண்கள், பெட்டி தூக்குகிறவர்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். நடுவில் ஆஞ்சலா, தன் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பார்க்கவே மனசு வலித்தது. டிவியில் கேக்கும் பலூனும் ஒரு கவலையும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"என்ன மேடம், ஒத்துக்கிட்டானா? இல்ல, நான் சொன்ன மாதிரி இவதானா?" என்றார் ஷங்கர்.

"பண்ணினவங்க வந்துக்கிட்டே இருக்காங்க சார். தான் பண்ணினதே அவங்களுக்குத் தெரியாது."

கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். தோளில் ஒரு பெரிய பை. அதிலிருந்து ஊதாத பலூன் பாக்கெட்டுகள் எட்டிப் பார்த்தன. முந்தானையில் ஜிகினா ஒட்டியிருந்தது. மற்றொரு கையில் லேப்டாப்.

"ரமா? நீ எங்க இங்க?" ஷங்கர் பதறினார். "வீட்ல கேஸ் தீர்ந்துடுச்சா?"

உத்தமன் பக்கத்திலிருந்த கிருஷ்ணப்பாவின் காதில், "யாருண்ணா?" என்றான், தெரியாதவன் போல.

"முதலாளியம்மா" என்றார் கிருஷ்ணப்பா.

ரமா கணவருக்குப் பதில் சொல்லவில்லை. டிவியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். "ஏங்க, இது என் பலூன் ஆச்சே! இந்தக் கேக்கு நான் தேடிப் பிடிச்சுப் போட்ட கேக்கு. இது எப்படி இங்க வந்துச்சு?"

"உன் பலூனா?"

"ரமா மேடம்" என்றார் பாகீரதி, "அடுத்த பார்ட்டிக்கு என்ன அலங்காரம்?"

"டைனோசர். நாளைக்கு ஒரு குட்டிப் பையனுக்கு பர்த்டே. என் பக்கத்தை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திட்டா, பார்க்கிறவங்களுக்கு ஒரு ஆசை வரும்ல? ரெடியா வெச்சிருக்கேன்."

"இப்பவே மாத்துங்க."

ரமா லேப்டாப்பை மேஜையில் வைத்து எதையோ தட்டினார். எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். அது ஒரு தடவை கண்சிமிட்டியது. கேக் போயிற்று, பலூன்கள் போயின. திரை முழுக்கப் பச்சைக் காடாயிற்று. தலைமையாசிரியரின் பெயருக்கு முன்னால் ஒரு குண்டு டைனோசர் வந்து நின்று இடுப்பை ஆட்டியது. பூக்கட்டும் பெண்களில் ஒருத்தி 'களுக்'கென்று சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாகீரதி கிரண் சொன்னதையெல்லாம் நான்கே வாக்கியத்தில் சொல்லிமுடித்தார். ஆஞ்சலாவின் கையிலிருந்த பை மெல்லக் கீழே இறங்கியது.

"உனக்கு ஏது பக்கம்?" என்றார் ஷங்கர் மனைவியிடம். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க?" என்றார் ரமா. "மூணு வருஷமாச்சு. முதல்ல எனக்கு ஒண்ணும் தெரியலை, வெள்ளையும் நீலமுமா அப்படியே விட்டுட்டேன். இப்போதான் ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்து, ஸ்டைல்ஷீட்னா என்னன்னு நானே கத்துக்கிட்டு, முதல்ல கடல்கன்னி பண்ணினேன். நாலு பேர் போன் பண்ணி நல்லாருக்குன்னாங்க. உங்ககிட்ட காட்டினேன். நீங்க கறிவேப்பிலை ஆய்ஞ்சுக்கிட்டே 'ம்ம், நல்லாருக்கு'ன்னீங்க. தலையைத் தூக்கிப் பார்க்கலை. பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், இந்தப் பொண்ணும் அழுதிருக்க மாட்டா."

ஷங்கர் இப்போது தலையைத் தூக்கி டிவியைப் பார்த்தார். இலவசமாகக் கேட்டு வாங்கியதால் அதைப் பொருட்டாகவே நினைக்காமல் இருந்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் அப்படிச் சுருங்கிப்போயிற்று.

"சரி, சரி. என்னவோ நடந்துபோச்சு" என்றார் கடைசியில். "ரமா, அதைப் பழையபடி வெள்ளையா மாத்திடு. ஆஞ்சலா, நீ உன் சீட்டுக்குப் போம்மா. நாளைக்கு வழக்கம்போல வந்திடு. எல்லாரும் வேலையைப் பாருங்க."

யாரும் நகரவில்லை. ஆஞ்சலாவும் நகரவில்லை.

"இவங்க எல்லார் முன்னாடியும்தான் சார் என்னைச் சொன்னீங்க" என்றாள் அவள். கண் நேராகப் பார்த்தது. "நான் இல்லைன்னும் இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"அதான் தெரிஞ்சுபோச்சே."

"சொல்லுங்க சார்."

"அவ கேக்கிறது நியாயம்தானே?" என்றார் ரமா. "நீங்க சொல்ற வரைக்கும் நான் வெள்ளையா மாத்தறதா இல்லை. இது என் பக்கம், என் டைனோசர். மூணு வருஷமா உங்க ஆபீஸ் என் துணியைக் கட்டிக்கிட்டுத்தான் கௌரவமா நின்னுருக்கு."

ஷங்கர் சுற்றிலும் பார்த்தார். கிருஷ்ணப்பா கூரையை ஆராய்ந்தார். உத்தமன் மிகவும் பணிவாக ஒரு கீபோர்டை எடுத்து அவர் முன்னால் வைத்தான். "வாயால சொல்லக் கூச்சமா இருந்தா எழுதிடுங்க சார். டிவியில அறிவிப்புக்குன்னு ஒரு இடம் இருக்கு போல."

வேறு வழியில்லாமல் முதலாளி உட்கார்ந்தார். ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினார். திரையின் நடுவில், கொட்டை கொட்டையான பச்சை எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

ஆஞ்சலா மேல் எந்தத் தப்பும் இல்லை. நான்தான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும். ஷங்கர்.

எழுதி முடித்த மறுகணம் அந்த வரிகள் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தன. 'மன்னிக்க' என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு டைனோசர் எட்டிப் பார்த்து வாலை ஆட்டிவிட்டுப் போனது. பெட்டி தூக்குகிறவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பூக்கட்டும் பெண்கள், அப்புறம் கிருஷ்ணப்பா. கடைசியில் பாகீரதியே சிரித்துவிட்டதை உத்தமன் தன் கண்ணால் பார்த்தான்.

ஆஞ்சலா பையை மேஜையில் வைத்தாள். டிபன் பாக்ஸை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள், தண்ணீர் பாட்டிலை அதன் இடத்தில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போதுமாம்மா?" ஷங்கர் ஈனஸ்வரத்தில் கேட்டார். "இப்போ அந்த சனியனை எடுத்துடலாமா?"

"நம்ம ஆபீஸுக்குன்னு தனியா ஒரு ஸ்டைல்ஷீட் எழுதி, நம்ம இடத்துலயே வெச்சுடறேன் சார்" என்றாள் ஆஞ்சலா. "அடுத்த குடும்பம் வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்."

நிமிர்ந்து டிவியை ஆசைதீரப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் ஆடட்டும்."